மற்றக் கால்

சேர், அந்தக் கமெராவை ஒரு சாண் கீழே இறக்கினால் நல்லது. என் தலைக்கு மேலே இவ்வளவு வெறும் சுவர் தேவையில்லை. பார்க்கிறவருக்கு நான் கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரித் தெரியும். கோபிக்காதீர்கள், பதினாறு வருடமாக இதுதான் தொழில். யார் கமெரா பிடித்தாலும் என் கண் முதலில் படத்தின் நான்கு மூலைக்கும் போய் வரும். எனக்கு ஒரு கல்யாணம் நடந்திருந்தால் மணவறையில் இருந்தபடியே கமெராக்காரனுக்குப் புத்தி சொல்லியிருப்பேன்.

நீங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்கள். அம்மாவுக்கு அனுப்பிய வெள்ளிக்கிழமை வீடியோக்களில் நிலக்ஷியை ஏன் இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தாய் என்று. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள்மேல் மதிப்பு வந்தது. மற்றவர்கள் எல்லாரும் "நீயெல்லாம் ஒரு மனிசனா" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு என்னத்தைச் சொல்வது? உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆறுதலாகச் சொல்கிறேன், வாக்குமூலம் எழுதுகிறவரும் அவசரப்பட வேண்டாம்.

என் பெயர் வீரகத்தி அருள்குமரன். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் உடப்பு. நிலக்ஷி என் ஒரே தங்கை, என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா பூமணி மூன்று வருடத்துக்கு முன்னர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகமுன்னர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். "தம்பி, பிள்ளை பத்திரம். நான் வாற வரைக்கும் உன் கண்ணுக்கு முன்னாலயே வச்சிரு." நான் ஓம் என்றேன். இதைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள், சேர். கண்ணுக்கு முன்னால் என்பது அம்மாவின் சொல். நான் கண்டுபிடித்தது அல்ல.

எங்கள் ஸ்டூடியோ எத்தாளையில் இருக்கிறது. உடப்பை விட்டு அங்கே வந்தது கல்யாணங்களுக்காக. கற்பிட்டியிலிருந்து தில்லையடி வரை முஸ்லிம் கல்யாணத்துக்குக் குறைவில்லை. அங்கே ஒரு முறை உண்டு. பெண்கள் பக்கத்துக்கு ஆண் கமெராக்காரன் போக முடியாது. மணமகளின் அறையை, அவளுடைய தோழிகளை, உம்மாமாரை ஒரு பெண்தான் படம் எடுக்க வேண்டும். எடுத்ததை வெட்டி ஒட்டுவதும் பெண்தான். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மணமகளின் உம்மா கையில் கொடுத்துவிட வேண்டும், பிரதி வைக்கக் கூடாது. அந்தக் கரையில் கமெரா பிடிக்கத் தெரிந்த தங்கை உள்ளவன் நான் ஒருவன்தான். அதனால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த முறைக்காகவே வீட்டின் பின்பக்க அறையைத் தனியாகச் செய்தேன். யாரும் எட்டிப் பார்க்காதபடி ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். உள்ளே ஓடும் பாட்டும் பெண்களின் சிரிப்பும் வெளியே வராதபடி சுவர் முழுக்க ஸ்பொஞ்ச் ஒட்டினேன். கதவுக்குக் கனமான பூட்டு. பக்கத்துக் காணியில் வெங்காயம் போடும் லெய்லா ராத்தா தன் மகளின் கல்யாணத்துக்கு முன்னர் வந்து அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், ஒரு ஈ கூடப் பூராது மகன். எங்கட புள்ளையள்ட படம் இதுக்குள்ள பத்திரமா இரிக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கதவுக்கு ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். உள்ளே யாரோ வீட்டுப் பெண்பிள்ளைகளின் முகங்கள் இருக்கின்றன என்ற நினைப்பு. அப்போது அந்தப் பூட்டின் திறப்பு நிலக்ஷியிடம்தான் இருந்தது. நான்கூட உள்ளே போவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் எடுப்பதில் அடிப்படை மூன்றுதான், மிச்சமெல்லாம் அதுகளின் பிள்ளைகள். தூர நின்று இடம் முழுவதையும் காட்டினால் வைட் ஷொட். முகத்தை மட்டும் காட்டினால் குளோசப். இரண்டுக்கும் நடுவில், இடுப்பிலிருந்து மேலே காட்டுவது மிட் ஷொட். நான் மிட் ஷொட் ஆள். அதில் பிழை வராது. பந்தல் துணியில் உள்ள கிழிசல் தெரியாது, மாப்பிள்ளை காலில் போட்டிருக்கும் இரவல் சப்பாத்து தெரியாது. மாலையும் சிரிப்பும் தெரியும். கல்யாண வீட்டாருக்கு வேண்டியதும் அவ்வளவுதான். பதினாறு வருடத்தில் ஒரு முறைப்பாடு வந்ததில்லை. ஆனால் பார்த்துவிட்டு யாரும் அழுததும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலக்ஷி எடுத்ததைப் பார்த்து அழுதார்கள். அவள் எந்த அறைக்குள் போனாலும் முதலில் வாசலில் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, பத்துச் செக்கன் ஒரு வைட் எடுப்பாள். அதற்குப் பிறகுதான் கிட்டப் போவாள். கிட்டப் போனால் ஒரேயடியாகப் போவாள். மருதோன்றி காயும்வரை விரலை மடக்காமல் வைத்திருக்கும் ஒரு மணமகளின் கை மட்டும் திரை முழுக்க நிற்குமாம். லெய்லா ராத்தா என்னிடம் வந்து "தங்கச்சிட கண்ணு அல்லாஹ் குடுத்த கண்ணு" என்றார். பிறகு ஆட்கள் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி "தங்கச்சி வருவாதானே?" என்பதாகிவிட்டது. நான் வருவேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவள்மேல் எரிச்சல் படுவது நல்லதில்லை என்று தெரியும், ஆனாலும் வந்தது.

ஒருநாள் அவளிடமே கேட்டேன், கல்யாண வீட்டுக் கதிரைகளை எல்லாம் எதற்குப் பத்துச் செக்கன் எடுக்கிறாய், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. "முதல்ல வாசல்ல நிண்டு முழுசாக் காட்டணும் அண்ணே. நாம எங்க நிக்கிறம் எண்டு தெரியாட்டிப் பாக்கிற ஆளுக்கு மூச்சு முட்டும்" என்றாள். எனக்கு ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

போன வருடம் வைகாசியில் கொழும்பிலிருந்து றொகான் என்று ஒருவர் வந்தார், கடல் பற்றிய விவரணப் படம் எடுக்கிறவர். தங்கமான மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உச்சமுனையில் பெண்கள் கருவாடு காயவைப்பதை நிலக்ஷி தன்பாட்டுக்கு எடுத்து வைத்திருந்தாள். அவருக்கு இடம் காட்டப் படகில் போனபோது அதைக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்ததும் அவர் என்னைப் பார்த்து, இந்தப் பிள்ளையை என்னிடம் விடுங்கள், கமெரா உதவியாளராகச் சேர்க்கிறேன், பெண்கள் விடுதியில் இடமும் எடுத்துத் தருகிறேன் என்றார். நிலக்ஷி அம்மாவுக்குச் சொல்லிவிட்டாள். அம்மாவும் எனக்குக் குரல் பதிவு அனுப்பினார். "விருப்பமெண்டா போகட்டும் தம்பி. நான் அண்டைக்குச் சொன்னது பயத்தில சொன்னது." அம்மாமார் பிள்ளை அழுதால் மனம் இளகி ஆயிரம் சொல்வார்கள். நான் முதலில் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அவள் போகவேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. காலை ஆறே முக்காலுக்குப் பஸ். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அறையின் திறப்பை என் கையில் தந்தாள். கண் கலங்கியிருந்தது. போகமுன்னர் ஒரு கல்யாணத்தில் நிறம் சரியாக வரவில்லை, ஒருக்கால் பார்த்துவிட்டுப் போ என்றேன். உள்ளே போய்க் கதிரையில் இருந்து கணினியைப் போட்டாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். கோபத்தில் செய்யவில்லை சேர், சத்தமாகக்கூடச் சாத்தவில்லை. பஸ் போகட்டும், பிறகு திறக்கலாம் என்பதுதான் என் எண்ணம். பஸ் போனது. பிறகு றொகான் தொலைபேசி எடுத்தார். அவளுடைய போனிலிருந்து, வர விருப்பமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் எழுதி அனுப்பினேன். பின்னேரம் ஆனது. அதற்குப் பிறகு திறந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவள் மூன்று சந்தி தாண்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இப்படித்தான் ஒரு நாள் இன்னொரு நாளைக் கூட்டிக்கொண்டு வந்தது. நானும் அதற்குள் மாட்டிக்கொண்டேன், அதை யாரும் எழுதுகிறார்கள் இல்லை. பதினொரு மாதமாக நான் ஒரு இரவு வெளியூரில் தங்கியதில்லை. சிலாபத்தில் இருக்கும் பல் வைத்தியரிடம் போகக்கூட எனக்கு வழியில்லை.

அறைக்குள் எல்லாம் இருந்தது. ஃபேன், பாய், தலையணை, அலுமாரி, ஒரு மூலையில் மறைப்புக் கட்டி வாளியும் தண்ணீரும். ஒரு வேளையும் தவறாமல் சாப்பாடு. காலையில் பாண், பருப்பு. இரண்டாவது கிழமை அவள் கமெரா நிற்கும் முக்காலியின் காலைக் கழற்றி ஜன்னல் பலகையை நெம்பப் பார்த்தாள். அன்றைக்குத்தான் சங்கிலி வாங்கினேன். கடற்கரையில் படகு இயந்திரத்தைக் களவு போகாமல் கட்டிவைக்கும் சங்கிலி, துருப்பிடிக்காது. இடது கணுக்காலில். மேசைக்கும் பாய்க்கும் வாளிக்கும் போய்வரப் போதுமான நீளம் விட்டேன். கதவுக்கு எட்டாது.

இப்போது விளங்குகிறதா, ஏன் மிட் ஷொட் என்று?

அம்மா இருந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். வீடியோக் கோல் எடுத்தால் எத்தாளையில் படம் உடைந்து உடைந்து வரும், நான் பிள்ளையை வடிவாக எடுத்து அனுப்புகிறேன் என்றேன். தொழில் தெரிந்தவன் சொன்னால் யார் இல்லையென்பது? பின்னால் பச்சைத் துணி தொங்கவிட்டு எடுப்பேன். பிறகு கணினியில் அந்தப் பச்சை இருக்கும் இடத்தில் கடற்கரையை வைப்பேன், கோயில் வாசலை வைப்பேன், எங்கள் முற்றத்தை வைப்பேன். கடற்கரை என்றால் மேசை ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிடுவேன், தலைமயிர் பறக்க வேண்டுமே. என்ன சொல்வது என்று நானே எழுதிக் கொடுப்பேன். அம்மா நான் சுகம், அண்ணா நல்லாப் பார்க்கிறார், நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இவ்வளவுதான். எடுக்கமுன்னர் ஒலி அளவு பார்க்க ஒரு வரி சொல்லச் சொல்வேன். கல்யாண வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். நிலக்ஷி ஒவ்வொரு வெள்ளியும் ஒரே வரியைத்தான் சொல்வாள். அளவு சரியென்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புவேன். சில வெள்ளிகளில் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல அவளுக்கு மனம் வராது. அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் பிந்தும். ஞாயிறுவரை பிந்தியதும் உண்டு.

வேலை நிற்கவில்லை. சும்மா இருந்தால் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான் வேலை கொடுத்தேன். பெண்கள் பக்கத்தை எடுக்க நஸ்ஹா என்று தில்லையடிப் பிள்ளை ஒன்று கிடைத்தது. அவள் முன்பு குவைத்தில் அம்மா இருந்த தெருவில் வேலை செய்தவள், அம்மாவே பேரைத் தந்தார். எடுத்ததைக் கொண்டுவந்து என் கையில் தருவாள், நான் உள்ளே கொடுப்பேன், நிலக்ஷி வெட்டி ஒட்டித் தருவாள். கணினியில் இணையம் கிடையாது. "நிலக்ஷிய ஒருக்காப் பாத்துட்டுப் போறனே அண்ணே" என்று நஸ்ஹா மூன்று நான்கு தரம் கேட்டாள். வேலை செய்யும்போது ஆட்களைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது என்றேன். மூடிய கதவைப் பார்த்தாள், தலையாட்டினாள், போய்விட்டாள். உள்ளே அவளே எடுத்த முகங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அந்த மரியாதை அவளுக்கும் இருந்தது.

நஸ்ஹாவுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. நிலக்ஷி அவளுக்குத் துண்டுக் கடிதம் எழுதுவாள். ஒவ்வொன்றையும் நான் வாசித்துப் பார்த்துத்தான் கொடுப்பேன், நான் மடையன் இல்லை. தலைக்கு மேலே இடம் கூடிவிட்டது, கையை ஆட்டாதே, இந்த மாதிரித்தான் இருக்கும். ஒரு கடிதத்தில், எந்த அறையாக இருந்தாலும் கதவு திறந்ததும் உள்ளே ஓடாதே, வாசலிலேயே நின்று பத்துச் செக்கன் முழுவதையும் எடு, பிறகு கிட்டப் போ என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. தொழில் விஷயம்தானே. கொடுத்துவிட்டேன்.

மாசியில் குவைத்திலிருந்து பெட்டி ஒன்று வந்தது. பால்மா, சவர்க்காரம், எனக்கு ஒரு மணிக்கூடு. நிலக்ஷிக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு. அடுத்த வெள்ளி அம்மாவின் குரல் பதிவு வந்தது. "தம்பி, பிள்ளைட காலில போட்டு எடுத்து அனுப்பு. எப்பயும் மேல்பாதியத்தான் காட்டுறாய். நடக்கிற சத்தத்தோட எனக்குப் பாக்கணும்."

இங்கேதான் எனக்கு இடைஞ்சல் வந்தது. இடது கணுக்காலில் அப்போது புண் வந்திருந்தது. முதலில் உரசல்தான், மஞ்சள் பூசினேன், பார்மசியில் சொல்லி மருந்து வாங்கிப் போட்டேன், சங்கிலிக்குக் கீழே துணியும் சுற்றிவிட்டேன். வெயில் காலம், ஆறவில்லை. சங்கிலியை வலது காலுக்கு மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாற்றியிருந்தால் நல்லதுதான். ஆனால் அம்மா காலைக் கேட்டிருக்கிறார், வலது கால் ஒன்றுதான் படம் எடுக்கிற மாதிரி இருந்தது. அதுவும் பழுதாகிவிட்டால் அம்மாவுக்கு என்னத்தைக் காட்டுவது? அதனால் மாற்றவில்லை.

வலது காலில் கொலுசைப் போட்டு, குளோசப் எடுத்தேன். நல்ல வெளிச்சம், வெள்ளி மினுங்கியது. சத்தத்தைத் தனியாகப் பதிந்து சேர்த்தேன். அனுப்பி அரை மணித்தியாலத்தில் அம்மாவிடமிருந்து பதில். "வடிவா இருக்கு. மற்றக் கால் எங்க தம்பி?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நேரமில்லை, அடுத்த கிழமை என்றேன். அடுத்த கிழமையும் அதையே கேட்டார். சுகவீனம் என்றேன். அதற்கடுத்த கிழமை குரல் மாறியிருந்தது. "மற்றக் கால் தம்பி. மற்றக் காலக் காட்டு." புண் அப்போது கறுக்கத் தொடங்கியிருந்தது. அறையில் மணமும் வந்தது, ஊதுபத்தி கொளுத்தினேன். நிலக்ஷிக்குக் காய்ச்சல், பாயிலேயே கிடந்தாள். வைத்தியரைக் கூட்டிவந்தால் வைத்தியர் அறை முழுவதையும் பார்ப்பார். அதனால் காய்ச்சல் குளிசை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு இரண்டு நிமிட வேலையில் அதை முடித்தேன். வலது கால் வீடியோவை எடுத்து இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். கணினியில் ஒரு பொத்தான் அமத்தினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவிடும், வலது கால் இடது கால் ஆகிவிடும். மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று மாற்றுவதற்கு எத்தனையோ தரம் செய்திருக்கிறேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன்.

நிலக்ஷியின் வலது காலில் சின்ன விரலுக்கு நகம் இல்லை. ஏழு வயதில் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த கயிற்றில் கால் சிக்கிப் பிய்ந்து போனது. அம்மாதான் மடியில் வைத்து மருந்து கட்டினார். திருப்பிப் போட்ட படத்தில் நகமில்லாத விரல் இடது காலில் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை சேர். பதினாறு வருடம் மனிதரை இடுப்புக்கு மேலேயே பார்த்துப் பழகியவன். என் தங்கைக்கு எந்தக் காலில் நகமில்லை என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது.

அம்மா கத்தவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு வரி வந்தது. "வடிவா இருக்கு தம்பி." நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணியிருக்கும். குழாயடியில் முக்காலியின் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். நஸ்ஹா வந்தாள், கூட லெய்லா ராத்தா. கேற்றுக்கு வெளியே ராத்தாவின் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள், ஒருவர் கையில் கதவை நெம்ப அலவாங்கு. அம்மா நஸ்ஹாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார் என்று அப்போதே விளங்கியது. நஸ்ஹா மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, தொறப்பத் தாங்க."

"அது பொம்புளப் புள்ளையள்ட படம் இருக்கிற அறை, நஸ்ஹா" என்றேன்.

"நாங்களும் பொம்புளையள்தானே மகன்" என்றார் லெய்லா ராத்தா.  கழுத்திலிருந்து கறுப்புக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தேன். கதவுக்கும் சங்கிலிக்குமான இரண்டு திறப்பும் அதில்தான் இருந்தன.

நஸ்ஹா தன் போனில் எடுத்ததை நீங்கள் நேற்று எனக்குக் காட்டினீர்கள். கதவு திறக்கிறது. லெய்லா ராத்தா "யா அல்லாஹ்" என்று உள்ளே ஓடப் பார்க்கிறார், இவள் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொள்கிறாள். வாசலில் நின்றபடியே எடுக்கிறாள். படம் சாய்ந்திருக்கிறது, ஆனால் சரியாகப் பத்துச் செக்கன். எல்லாம் அதில் வருகிறது. பச்சைத் துணி, மேசை ஃபேன், வாளி, சங்கிலி, பாய். பாயில் கிடந்தவள் தலையைத் திருப்பி நேரே கமெராவைப் பார்க்கிறாள். அந்த அறை அவ்வளவு சின்னது என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. நான் உள்ளே போகும்போதெல்லாம் கமெராவுக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன். நேற்று உங்கள் முன்னால் எனக்கு மூச்சு முட்டியது, நீங்கள் தண்ணீர் தரச் சொன்னீர்கள். நன்றி.

ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். கேட்டதும் அழுதேன், அதை உங்கள் ஆட்களும் பார்த்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், கமெரா வேலையை இருந்துகொண்டும் செய்யலாம். பெண்கள் பக்கத்தில் எப்போதும் கதிரை போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் பார்த்துக்கொள்வேன் என்று அவளுக்கு யாராவது சொல்லிவிட்டால் நல்லது. அம்மா வருகிறாராம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாராம், அது பயணக் களைப்பில் சொன்னதாக இருக்கும்.

செய்ததை நான் மறுக்கவில்லை. பூட்டினேன், சங்கிலி போட்டேன், காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் என் பக்கத்தில் எழுத வேண்டும். திறப்பு எப்போதும் என் கழுத்தில்தான் தொங்கியது, ஒளித்து வைக்கவில்லை. நஸ்ஹா கேட்டாள், உடனே கொடுத்தேன். அதற்கு முன்னர் ஒருவரும் என்னிடம் திற என்று கேட்டதில்லை.

ஓம், நீங்கள் அந்தத் துண்டுகளைப் போட்டுக் காட்டினீர்கள். வெட்டியதை அழிக்காமல் வைப்பது என் பழக்கம். நாற்பத்தாறு வெள்ளிக்கிழமை, நாற்பத்தாறு துண்டு, எல்லாவற்றிலும் அதே வரி. "அண்ணே, திறந்து விடுங்க." அதை நான் கேள்வியாக எடுக்கவில்லை, சேர். அது ஒலி அளவு பார்க்கிறதுக்கு. கடைசி மூன்று கிழமையும் அவளுடைய குரல் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. அதனால் மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய் வைத்தேன்.